எங்கள் பள்ளியின் கணக்கை எங்கள் முன் வையுங்கள்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களுக்கும், செயலாளர் அவர்களுக்கும், இயக்குநர்களுக்கும் வணக்கம்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறைக்கு 46,767 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு 44,042 கோடி. இந்தத் தொகை அதிகம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. இன்னும் கூடுதலாக வேண்டும் என்பதுதான் என் எண்ணம். தேசிய வருமானத்தில் 6 விழுக்காடு கல்விக்குப் போக வேண்டும் என்று ஒன்றிய அரசு அமைத்த கோத்தாரி கல்விக் குழு 1966இல் பரிந்துரைத்தது. 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6 விழுக்காட்டைத்தான் இலக்காகச் சொல்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரே இலக்கைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறோம் என்றால், ஒதுக்கியது போதாது என்றுதான் பொருள். நான் கேட்க வந்தது வேறு: இந்த 46,767 கோடியில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்தது எவ்வளவு?

நான் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். இந்தக் கேள்வியைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டேன். சம்பளம் ஒரு பிரிவு, கட்டடம் இன்னொரு துறை, இலவசப் பொருள்கள் வேறொரு கணக்கு, பயிற்சிகள் ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து நிதி தரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் என்று பொறுமையாக விளக்கினார்கள். ஒவ்வொருவரும் தம்மிடம் இருக்கும் துண்டைச் சரியாகத்தான் சொன்னார்கள். எல்லாத் துண்டுகளையும் சேர்த்து ‘இந்தப் பள்ளிக்கு இந்த ஆண்டு ஆன செலவு இவ்வளவு’ என்று சொல்லக்கூடியவர் ஒருவர்கூட இல்லை. மாநிலத்தில் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. அத்தனையிலும் இதே நிலைதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் கூட்டத்துக்கு வருகிற கணக்கு ஒன்றே ஒன்றுதான், பள்ளி மானியம். மாணவர் எண்ணிக்கை 100க்குள் இருந்தால் 25 ஆயிரம் ரூபாய் (மிகச் சிறிய பள்ளிகளுக்கு அதைவிடக் குறைவு), 250க்குள் 50 ஆயிரம், ஆயிரம் வரை 75 ஆயிரம், அதற்கு மேல் ஒரு லட்சம். சுண்ணக்கட்டி, பதிவேடு, குழாய், பல்பு, சின்னச் சின்னப் பழுது எல்லாம் இதில்தான். பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். இந்த மானியத்தை நாங்கள் பில் பில்லாகப் பார்க்கிறோம். பினாயில் எத்தனை பாட்டில் வாங்கினார்கள் என்று கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். ஆனால் ஏழெட்டு ஆசிரியர்கள் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் ஓராண்டுச் சம்பளமே அரைக் கோடி ரூபாயை எட்டும். மூத்த ஆசிரியர்கள் இருந்தால் அதையும் தாண்டும். அதன்முன் 50 ஆயிரம் என்பது நூற்றில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கை மட்டும் எங்கள் கையில் கொடுத்துவிட்டு மீதி 99 பங்கை எங்கள் தலைக்கு மேலேயே கடத்துகிறீர்கள். அதற்குப் பெயர் பெற்றோர் கண்காணிப்பு என்றால் ஏற்க முடியவில்லை.

அந்த 50 ஆயிரமும் எப்போது வருகிறது? ஜூனில் பள்ளி திறக்கிறது. கல்வியாண்டில் பாதி கடந்த பிறகு பணம் வருவதும், மார்ச் 31க்குள் செலவு செய்து முடி என்று உத்தரவு வருவதும் வழக்கமாகிவிட்டது. இடைப்பட்ட மாதங்களில் மோட்டார் பழுதானால் தலைமை ஆசிரியர் சொந்தப் பணத்தைப் போடுகிறார். 2021இல் இருந்து பள்ளியின் வங்கிக் கணக்கில் பணமே தங்குவதில்லை. மாநில அளவில் ஒரே கணக்கு, பள்ளிகளுக்கு எடுப்பதற்கான வரம்பு மட்டும். பணம் தேங்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு என்று புரிகிறது. ஆனால் மேலிருந்து கீழே யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று உங்களுக்கு நொடியில் தெரிகிற அந்த முறையில், கீழிருந்து பார்க்க எங்களுக்கு ஒரு சன்னல்கூட இல்லை.

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. அரசிடமிருந்தோ உள்ளாட்சியிடமிருந்தோ வேறெங்கிருந்தோ வரும் மானியங்கள் எப்படிச் செலவாகின்றன என்று கண்காணிப்பதைக் குழுவின் வேலையாகவே வைத்திருக்கிறது. 22ஆம் பிரிவு அதைவிட முக்கியம். குழு தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டமே அரசின் திட்டங்களுக்கும் மானியங்களுக்கும் அடிப்படையாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நாங்கள் எழுதும் திட்டத்தில் இருந்துதான் உங்கள் ஒதுக்கீடு தொடங்க வேண்டும்.

நடப்பது என்ன? ஆண்டுதோறும் திட்டம் எழுதுகிறோம். செயலியில் பதிவேற்றுகிறோம். கழிப்பறை, சுற்றுச்சுவர், அறிவியல் ஆசிரியர் என்று கேட்கிறோம். அப்புறம் ஒரு பதிலும் வருவதில்லை. முடியாது என்றாவது யாராவது எழுதி அனுப்பினால் நிம்மதியாக இருக்கும். கேட்காத பொருள் ஒன்று பெட்டியோடு வந்து இறங்கும், கேட்டது அடுத்த ஆண்டுத் திட்டத்தில் மறுபடி எழுதப்படும். 2022இல் இந்தக் குழுக்களை மாநிலம் முழுவதும் புதிதாக அமைத்தீர்கள். அது நல்ல முயற்சி. 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்தீர்கள், அதுவும் நல்லது. எங்கள் பள்ளியில் கூலி வேலைக்குப் போகும் தாய்மார்கள் கூட்டத்துக்கு வருகிறார்கள். வெள்ளிக்கிழமைப் பிற்பகல் கூட்டம் என்றால் அவர்களுக்கு அரை நாள் கூலி போகிறது. அதை இழந்து வருகிறவர்களின் தீர்மானத்துக்கு ஒரு வரிப் பதில் எழுதுவது அரசுக்குப் பெரிய வேலை அல்ல.

செலவைப் பற்றிப் பேசும்போது நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது காலிப் பணியிடத்தைப் பற்றி. ஒரு நடுநிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர் இடம் ஓராண்டு காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வேலையின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாய். அகவிலைப்படியும் சேர்ந்தால் இன்று மாதம் 55 ஆயிரத்தைத் தாண்டும். ஓராண்டில் ஆறரை லட்சத்துக்கும் மேல். அந்தப் பணம் செலவாகவில்லை, அரசிடமே தங்குகிறது. வரவு செலவு அறிக்கையில் இது எங்கும் இழப்பாகத் தெரியாது. பள்ளி சிக்கனமாக நடப்பது போலவே தெரியும். ஆறாம் வகுப்பில் பின்னமோ ஏழாம் வகுப்பில் இயற்கணிதமோ யாரும் சொல்லித்தராமல் எட்டாம் வகுப்பு முடித்து வெளியேறுகிற பிள்ளைதான் அந்த ஆறரை லட்சத்தைக் கட்டுகிறது.

2022இல் இந்த இடங்களைத் தற்காலிகமாக நிரப்பும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களிடம் கொடுத்தீர்கள். மாதத் தொகுப்பூதியம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000. பின்னர் தொகை உயர்ந்தது, ஆனாலும் நிரந்தர ஆசிரியரின் சம்பளத்துக்கு அருகில்கூட வரவில்லை. அதே பாடம், அதே வகுப்பு, அதே நாற்பது பிள்ளைகள். இப்படி மிச்சமான பணம் எவ்வளவு என்று எந்தப் பள்ளியின் பெற்றோருக்கும் சொல்லப்படவில்லை. ஆள் எடுக்கும் பொறுப்பு எங்களுக்கு, நிரந்தரமாக நிரப்பும் அதிகாரம் உங்களுக்கு. பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்றால் யாரைக் கேட்பது?

கல்வி உரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். ஒரு பள்ளியில் காலியிடங்கள் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது அது. மாநிலம் முழுவதற்கும் சராசரி எடுத்து 10 விழுக்காடு என்று சொல்லவில்லை, ஒவ்வொரு பள்ளிக்கும் அந்த அளவு. எட்டு ஆசிரியர் இடம் உள்ள பள்ளியில் ஓர் இடம் காலியானாலே பன்னிரண்டரை விழுக்காடு, வரம்பு மீறிவிட்டது. இரண்டு ஆசிரியர் உள்ள தொடக்கப் பள்ளியில் ஒருவர் ஓய்வு பெற்றால் பாதிப் பள்ளியே காலி. சட்டசபையில் வாசிக்கப்படும் மாநில எண்ணிக்கைக்குள் இந்தப் பள்ளிகள் எல்லாம் மறைந்துபோகின்றன. பள்ளிவாரியாகக் கணக்கு வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவே முதல் காரணம்.

இதில் இன்னொரு சுழல் இருக்கிறது. ஆகஸ்ட் 1 நிலவரப்படி உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்து, ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் இடம் என்று பணியாளர் நிர்ணயம் செய்கிறீர்கள். ஆசிரியர் இல்லாத பள்ளியில் இருந்து வசதி உள்ள பெற்றோர் பிள்ளையை மாற்றிவிடுகிறார்கள். எண்ணிக்கை குறைகிறது. குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ப, காலியாக இருந்த அந்த இடமே எடுக்கப்படுகிறது, அல்லது இருப்பவர் உபரி என்று பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போகிறார். மறு ஆண்டு இன்னும் சில பிள்ளைகள் போகிறார்கள். காகிதத்தில் எல்லாம் விதிப்படி நடந்திருக்கும். பள்ளி மட்டும் தேய்ந்திருக்கும். அரசுப் பள்ளிகளை மக்கள் விரும்பவில்லை என்று பேசுகிறவர்கள் எந்த ஆண்டு எந்த ஆசிரியர் இடம் காலியானது, எந்த ஆண்டு பிள்ளைகள் போனார்கள் என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு மாதிரிப் பேசுவார்கள்.

மாற்றுப் பணியும் இதே வகைதான். ஆசிரியரின் பெயரும் சம்பளமும் எங்கள் பள்ளியில், ஆள் வேறொரு பள்ளியிலோ அலுவலகத்திலோ. சட்டத்தின் 25ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது. 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்வி சாராப் பணிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது. எங்கள் ஆசிரியர்கள் எமிஸ் என்ற அரசின் பள்ளி விவரப் பதிவுத் தளத்தில் எத்தனை விவரங்களை ஏற்றுகிறார்கள் என்று நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். வருகை, எடை, உயரம், சீருடை அளவு, செருப்பு அளவு, வங்கிக் கணக்கு, தேர்வு மதிப்பெண். சர்வர் மெதுவாக இருந்தால் ஒரு பாடவேளை அதிலேயே போய்விடும். இதெல்லாம் கணக்கு ஒப்படைப்பதுதானே என்று நீங்கள் சொல்லலாம். ஆம், ஆனால் அத்தனையும் மேல்நோக்கிப் போகிறது. பள்ளி சென்னைக்குப் பதில் சொல்கிறது, வாசலில் நிற்கிற தாய்க்குச் சொல்வதில்லை. ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் தகவலில் ஒரு பக்கத்தை எங்களுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஆசிரியர்களுக்குப் புதிதாக ஒரு படிவம்கூட வேண்டாம்.

பள்ளிவாரிச் செலவை வெளியிட்டால் அதில் ஓர் ஆபத்தும் உண்டு. பன்னிரண்டு பிள்ளைகள் படிக்கும் மலைக் கிராமப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு, நகரத்தில் எண்ணூறு பேர் படிக்கும் பள்ளியைவிடப் பல மடங்கு இருக்கும். அந்த எண்ணைக் காட்டி, இவ்வளவு செலவா, மூடிவிடலாம், பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று கிளம்ப ஆள் இருக்கிறார்கள். ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலைப் பள்ளி என்று நம் மாநில விதிகள் வாக்குக் கொடுத்திருக்கின்றன. ஆறு வயதுக் குழந்தை காட்டுப் பாதையில் நடக்க வேண்டாம் என்று முடிவெடுத்ததற்கான விலைதான் அந்தக் கூடுதல் செலவு. அது வீண் இல்லை. அதேபோல, மூன்று ஆசிரியர் இடம் காலியாக உள்ள பள்ளி ‘குறைந்த செலவில்’ நடக்கிறது என்று யாராவது பாராட்டிவிடக் கூடாது.

அதனால் வெறும் செலவு எண் மட்டும் போதாது. ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே விதிப்படி என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கிறது என்ற இரண்டும் இருக்க வேண்டும். விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. தொடக்க நிலையில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஒருவர். அந்த வகுப்புகளில் அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழிகள் என்று ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஓர் ஆசிரியர். தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டில் 200 வேலை நாள், மேல் வகுப்புகளுக்கு 220. இந்த அளவுகோல்களைப் பக்கத்தில் வைத்தால் எண்களைத் தவறாகப் படிப்பது கடினம்.

பொறுப்பு என்ற பெயரில் தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் தூக்கிப் பிடிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இது புதிய யோசனை இல்லை, பழைய தோல்வி. இங்கிலாந்தில் 1862இல் தேர்வு முடிவுக்கு ஏற்ப மானியம் என்று கொண்டுவந்தார்கள். ஆய்வாளர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார், தேறாத பிள்ளைக்குப் பணம் குறையும். ஆசிரியர்கள் அந்த மூன்றைத் தவிர மற்றதையெல்லாம் கைவிட்டார்கள், பிள்ளைகள் பாடப் புத்தகத்தைப் பொருள் தெரியாமல் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அதை அவர்களே கைவிட வேண்டியதாயிற்று. அதே முறையைச் சென்னை மாகாணத்திலும் நடத்திப் பார்த்தார்கள். இன்று மானியம் குறைவதில்லை, ஆனால் மாவட்டங்களைத் தேர்ச்சி விழுக்காட்டால் வரிசைப்படுத்துகிறோம். வரிசையில் கீழே இருப்பவர்களிடம் விளக்கம் கேட்கிறோம். அந்த அழுத்தம் கடைசியில் போய் விழுவது ‘மெல்லக் கற்கும் மாணவர்’ என்று பட்டியலில் ஏறிய பிள்ளையின் மேல். ஒன்பதாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டால் பத்தாம் வகுப்பின் தேர்ச்சி விழுக்காடு உயரும். எந்தத் தலைமை ஆசிரியரும் இதை விரும்பிச் செய்வதில்லை என்று நம்புகிறேன். ஆனால் அளக்கிற விதமே அதற்கு வழி வைக்கிறது. தேர்ச்சி விழுக்காடு வெளிவரும் நாளிலேயே, இந்தப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது எத்தனை பேர், தேர்வு எழுதியது எத்தனை பேர், இடையில் போனவர்கள் எங்கே போனார்கள் என்பதையும் வெளியிடுங்கள்.

பெற்றோர் பையில் இருந்து போகும் செலவையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை கல்வியை முடிப்பதற்குத் தடையாகும் எந்தக் கட்டணமும் செலவும் கூடாது என்று சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் ஏதோ ஒரு பெயரில் வசூல் நடக்கிறது, சில இடங்களில் ரசீது இல்லாமல். நான் அறிந்த ஒரு பள்ளியில் கழிப்பறை கழுவ வருபவருக்கு மாதக் கூலி கொடுக்கவே பெற்றோரிடம் பணம் வாங்குகிறார்கள். அந்தத் தலைமை ஆசிரியரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கழிப்பறை நாறாமல் இருக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் அந்த வசூல் எந்தப் பதிவிலும் இல்லாததால், அந்தப் பள்ளிக்குத் தூய்மைப் பணியாளருக்கான பணம் போதவில்லை என்ற உண்மையும் எந்தப் பதிவிலும் இல்லை. வசூலித்தவரைத் தண்டிக்கும் சுற்றறிக்கை மட்டும் போட்டால் அது இன்னும் ஆழமாக மறைந்துகொள்ளும்.

கட்டடங்கள் வேறு கதை. நூறு நாள் வேலையில் ஒரு வாய்க்கால் தூர்வாரினால்கூட மதிப்பீட்டுத் தொகை எழுதிய பலகை நடுகிறார்கள். பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் ஐந்தாண்டில் 7,000 கோடி ரூபாய்க்கு வகுப்பறைகள் என்று 2022இல் அறிவித்தீர்கள். ஒரு வகுப்பறைக்கு மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்தக்காரர் யார், பழுது வந்தால் எத்தனை ஆண்டுக்கு அவர் பொறுப்பு என்று அந்த வகுப்பறையின் சுவரிலேயே எழுத என்ன தடை? மழைக்கு ஒழுகும் கூரைக்கு யாரைக் கூப்பிடுவது என்றே தலைமை ஆசிரியருக்குத் தெரியாத நிலை இருக்கக் கூடாது. 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தோம். பெற்றோர் குழுவின் தீர்மானத்தில் ‘சுவரில் விரிசல்’ என்று இருந்தால், அதைப் படித்தது யார், எந்தத் தேதியில் என்பது பதிவாக வேண்டும்.

ஒன்றிய அரசு பற்றிப் பேசாமல் இந்த மடல் நேர்மையாக இருக்காது. ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25க்கான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதி 2,152 கோடி ரூபாய் தமிழ்நாட்டுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. ஒரு திட்டத்தில் சேரவில்லை என்று இன்னொரு திட்டத்தின் பணத்தை நிறுத்துவது அநியாயம். கல்வி உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு நிதிப் பொறுப்பை இரு அரசுகளுக்கும் சேர்த்தே வைத்திருக்கிறது. மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது சரி. ஆனால் அந்தப் பணம் வராததால் எந்தெந்தப் பள்ளியில் எது நின்றது, எதை மாநில அரசு தன் பணத்தில் ஈடுகட்டியது என்று பள்ளிவாரியாகச் சொல்லியிருந்தால், உங்கள் வழக்குக்கு நாங்களே சாட்சியாக நின்றிருப்போம். 2,152 கோடி என்று பொதுவாகக் கேட்டால் அது இரண்டு அரசுகளின் சண்டை. எங்கள் பள்ளிக்கு வர வேண்டிய சிறப்புப் பயிற்றுநர் வரவில்லை, மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கான உதவி நின்றது என்று தெரிந்தால் அது எங்கள் வழக்கு.

கணக்கைத் திறப்பதால் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்களுக்கு உகாண்டாவைக் காட்டலாம். அங்கே 1991 முதல் 1995 வரை, ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று பள்ளிகளுக்கு அரசு அனுப்பிய மானியத்தில் சராசரியாக 13 விழுக்காடுதான் பள்ளிகளைப் போய்ச் சேர்ந்தது என்று ரீனிக்கா, ஸ்வென்சன் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மீதி இடையில் இருந்த மாவட்ட அலுவலகங்களிலேயே நின்றுவிட்டது. அதன் பிறகு எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று அரசே செய்தித்தாள்களில் வெளியிட்டது, பள்ளிகளிலும் ஒட்டச் சொன்னது. சில ஆண்டுகளில் போய்ச் சேரும் பங்கு 80 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. அந்தக் காலத்தில் வேறு சீர்திருத்தங்களும் நடந்தன என்பதால் முழுப் பெருமையும் செய்தித்தாளுக்கு இல்லை. தமிழ்நாட்டில் 87 விழுக்காடு களவு போகிறது என்று நான் சொல்லவும் இல்லை, நம் நிலை அப்படி இல்லை. நம்மிடம் தொலைவது பெரும்பாலும் திருட்டில் போவதில்லை. தாமதத்தில் போகிறது, காலியிடத்தில் போகிறது, கேட்காத பொருளில் போகிறது. அவற்றையும் பார்க்க முடிந்தால்தான் கேட்க முடியும்.

அவ்வளவு தூரமும் போக வேண்டியதில்லை. காமராசர் காலத்தில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. தங்கள் பள்ளியில் எது இல்லை என்று மக்களுக்குத் தெரிந்தது. பலகை, மணி, நாற்காலி, நிலம், கட்டடம் என்று ஊரார் கொடுத்தார்கள். இன்று ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ மூலம் நன்கொடையாளர் ஒருவர் எந்தப் பள்ளிக்கு, எந்தத் தேவைக்கு என்று தேர்ந்தெடுத்துக் கொடுக்க வழி செய்திருக்கிறீர்கள். தேவை என்ன என்று அவருக்குக் காட்ட முடிகிறது. சோப்பு முதல் தீப்பெட்டி வரை வரி கட்டி, பிள்ளையையும் அங்கேயே அனுப்புகிற பெற்றோருக்கும் அதே அளவு தகவல் வேண்டும். தனியார் பள்ளிகளில் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைகளுக்கு ஈட்டுத்தொகை கொடுப்பதற்காக, அரசு ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்று நீங்கள் ஏற்கெனவே சராசரி போட்டிருக்கிறீர்கள். அந்தச் சராசரியைப் பள்ளிவாரியாகப் பிரிக்கத் தேவையான எல்லாம் உங்கள் கணினிகளிலேயே இருக்கின்றன. சம்பளப் பட்டியல் பள்ளிவாரியாகத்தான் போடப்படுகிறது. பாட நூலும் சீருடையும் எமிஸ் எண்ணிக்கைப்படிதான் வருகின்றன.

ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கணக்கில் தனி ஆசிரியர் யாருடைய சம்பளமும் பெயரோடு வர வேண்டியதில்லை, பள்ளியின் மொத்தத் தொகை போதும். இது உங்களுக்கு எதிரான ஆயுதமாகும் என்று அஞ்ச வேண்டாம். இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்க்கிறார் என்பதை ஊர் அறிவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இதுவரை பள்ளியில் எது தவறினாலும் பெற்றோர் கண்ணில் படுகிற ஒரே ஆள் நீங்கள்தான் என்பதால் கோபமெல்லாம் உங்கள் மேல் விழுகிறது. நியமிக்காதவர், பணம் அனுப்பாதவர், ஒழுகும் கூரை போட்டவர் எல்லாரும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

எனவே என் கோரிக்கை. வரும் கல்வியாண்டின் முதல் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு, ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பக்க அறிக்கையைத் துறையே தயாரித்து அனுப்பட்டும். சென்ற ஆண்டு அந்தப் பள்ளிக்கு ஆன மொத்தச் செலவு, அதில் சம்பளம், கட்டடம், பொருள்கள், மானியம் எவ்வளவு, மானியம் எந்தத் தேதியில் வந்தது, அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, காலியாக இருந்த மாதங்கள் எத்தனை, மாற்றுப் பணியில் போனவர்கள் எத்தனை பேர் என்று தமிழில், பெரிய எழுத்தில். அதைப் பள்ளி வாசலில் ஒட்டுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் வாசியுங்கள், நகரங்களில் வார்டு அளவில் வாசியுங்கள். எங்கள் மேம்பாட்டுத் திட்டத்தின் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அறுபது நாளுக்குள் ஆம், இல்லை, இந்த ஆண்டு இல்லை என்று மூன்றில் ஒரு பதிலும், அதற்குக் கீழே முடிவெடுத்த அலுவலரின் பதவியும் வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு கேட்காமலே வெளியிடச் சொல்லும் தகவல்கள்தான் இவற்றில் பெரும்பாலானவை. பத்து ரூபாய் முத்திரை ஒட்டி ஒவ்வொரு பெற்றோரும் தனித்தனியாக மனு எழுத வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது.

37 ஆயிரம் பள்ளிகளுக்கும் ஒரே நாளில் முடியாது என்றால் ஒரு மாவட்டத்தில் தொடங்குங்கள். ஆசிரியர் காலியிடம் அதிகமுள்ள மாவட்டமாக அது இருக்கட்டும். அறிக்கையின் மாதிரியைத் தயாரிக்கும் குழுவில், கூட்டத்துக்கு வர அரை நாள் கூலியை இழக்கும் தாய்மார்கள் சிலரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த வரி புரிகிறது, எந்த வரி புரியவில்லை என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். உங்கள் பதிலைச் செய்திக் குறிப்பாக வெளியிட்டால் போதும். எங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாக அதை வைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் அரசு நடுநிலைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர்